சுடி டாப்பை ஃபீடிங் டாப்பா மாத்துறது: ஜிப் எங்கே வரணும்?

கேள்வி, ஜூன் 12
தங்கச்சிக்கு மூணு மாசக் கைக்குழந்தை. அவ டீச்சர், லீவு முடிஞ்சதும் ஸ்கூலுக்குப் போகணும். அவ அளவுக்கு எடுத்த சுடி டாப் பேப்பர் பேட்டர்ன் ஒண்ணு எங்கிட்ட இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. நைட்டிக்கு வெக்கிற மாதிரி முன்பக்கம் ரெண்டு ஜிப் வெச்சுட்டா ஃபீடிங் டாப் ஆயிடுமில்ல? வேற ஏதாவது மாத்தணுமா?

ஜூன் 12, இரவு
ஆகாது. நைட்டி தொளதொளன்னு இருக்கும், ஜிப்பை எங்க வெச்சாலும் இழுத்த இழுப்புக்குத் துணி வரும். சுடி டாப் உடம்போட ஒட்டி நிக்கிறது. அதுல துணி நடுவுல கத்தரியால கீறி ஜிப் வெச்சா, ரெண்டும் நெஞ்சு மேல விறைச்சுக்கிட்டு நிக்கும். ஸ்டாஃப் ரூம்ல உள்ள அத்தனை பேர் கண்ணும் அங்கதான் போகும்.

என் கட்சி இதுதான். திறப்பு எப்பவும் ஒரு தையலுக்குள்ள ஒளியணும். தையல் இல்லையா, முதல்ல பேப்பர்ல தையலை உண்டாக்குங்க, அப்புறம் திறப்பைப் பத்தி யோசிக்கலாம். விவரம் நாளைக்கு எழுதுறேன், இப்ப அடுப்புல பால் இருக்கு.

ஜூன் 13
பேட்டர்னை வேற பேப்பர்ல டிரேஸ் எடுத்துக்குங்க, ஒரிஜினல் மேல கத்தரி படக் கூடாது. பால் நின்னதும் அந்த அளவு திரும்பத் தேவைப்படலாம்.

முன்பக்கத்துல டாட் பாயின்ட்டைக் குறிங்க, அதாவது டாட் (துணியை மடிச்சுப் பிடிக்கிற தையல்) நோக்கி நிக்கிற மார்பு உச்சி. தோள்ல இருந்து ஒன்பதரை, பத்து இன்ச்னு டெய்லருங்க கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வாங்க. பால் குடுக்கிறவங்ககிட்ட அந்தக் கணக்கு செல்லாது. ஃபீடிங் பிராவைப் போட்டுக்கிட்டு டேப் வெச்சு அளக்கச் சொல்லுங்க. அப்புறம் தோள் நடுவுல இருந்து, அதாவது கழுத்துக்கும், கை சேர்க்கிற வளைவான ஆம்ஹோலுக்கும் பாதியில இருந்து, டாட் பாயின்ட் வழியா இடுப்புக்கு வந்து கீழ் விளிம்பு வரைக்கும் ஒரு கோடு. இதுதான் பிரின்சஸ் கட். ஆம்ஹோல்ல இருந்து கிளம்புற பிரின்சஸ் கட்டும் இருக்கு, பார்க்க அழகா இருக்கும், ஆனா வளைவு ஜாஸ்தி. வளைவுல வெச்ச ஜிப் நேரா நிக்காது. தோள்ல இருந்து வர்றது கிட்டத்தட்ட நேரா இறங்கும், நமக்கு அதுதான் தோது.

பேட்டர்ன்ல சைடு டாட் இருக்குமே, அதை மூடிடணும். கோட்டை வெட்டிட்டு, சைடு டாட்டோட ரெண்டு காலையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு ஒட்டினா தோள்பக்கம் தானா விரியும். டாட்டுக்குப் போன துணி எல்லாம் இப்ப இந்தக் கோட்டுக்குள்ள வந்தாச்சு. இடுப்பு டாட்டும் இதுலயே அடங்கிடும். இப்ப முன்பக்கம் ஒரு நடுத்துண்டு, ரெண்டு பக்கத்துண்டு. பொதுவா அரை இன்ச் தையலுக்கு விடுவோம். இந்த ரெண்டு விளிம்புக்கும் முக்கால் இன்ச் விடுங்க, ஜிப் டேப் உக்கார இடம் வேணும்.

ஒரு சின்ன வேலை இருக்கு. கோடு சரியா டாட் பாயின்ட் மேலயே போகாம, அரை இன்ச் ஆம்ஹோல் பக்கம் தள்ளிப் போகட்டும். அரை இன்ச்ல ஃபிட்டிங் கெடாது, ஜிப் பல்லு காம்பு மேல உரசாது. அதுக்கும் மேல பாதுகாப்பு வேணும்னா ஜிப்புக்குப் பின்னாடி ஒன்றரை இன்ச் அகலத்துல மெல்லிசா ஒரு காட்டன் பட்டி, ஒரு பக்கம் மட்டும் தெச்சு விட்டுடுங்க. புண்ணு இருக்கிற முதல் மாசங்கள்ல இந்தப் பட்டி இல்லாம அந்த டாப்பைத் தொடவே தோணாது.

ஜூன் 13, மறுபடி
எழுத விட்டது: துணியைத் தண்ணில நனைச்சுக் காய வெச்சு, இஸ்திரி போட்டுட்டுத்தான் வெட்டணும். எல்லாரும் சொல்றதுதான், யாரும் செய்யறதில்ல. ஜிப் வெக்கிற டாப்புக்கு இதுல விட்டுக்குடுக்கவே முடியாது, ஏன்னா காட்டன் சுருங்கும், ஜிப் டேப் பாலியெஸ்டர், அது சுருங்காது. முதல் துவைப்புலயே தையல் நெடுக அலை அலையா நிக்கும், எந்த இஸ்திரிக்கும் படியாது.

ஜிப் கன்சீல்டு ஜிப்பா இருக்கட்டும், சாதா ஜிப் வேணாம். தெச்சு முடிச்சா வெளியில தையல் கோடு மட்டும்தான் தெரியும். துணிக்கு ஏத்த கலர் கிடைக்கலேன்னா ஒரு ஷேடு அடர்த்தியா வாங்குங்க, வெளிர் கலர்தான் பளிச்சுனு காட்டிக்குடுக்கும்.

ஜூன் 14
"கன்சீல்டு ஜிப் தைக்கிற ஃபூட் இல்லாத பழைய காலால மிதிக்கிற மிஷின், எப்படி?"ன்னு ஒருத்தர். ஜிப் பல்லை நகத்தால விரிச்சு, சூடு கம்மியா இஸ்திரி போட்டு மல்லாத்திட்டு, ஒத்தைக்கால் ஃபூட் மாட்டி பல்லை ஒட்டினாப்பல ஓட்டுங்க. அதுக்கு முன்னாடி கையால நூலோட்டம் போட்டுக்கணும். குண்டூசியை நம்பி இறங்கினா ஒரு பக்கம் மேலயும் இன்னொரு பக்கம் கீழயும் போய் நிக்கும்.

ஜிப்போட ரெண்டு முனையிலயும் கெட்டியா முன்னும் பின்னும் நாலு ஓட்டு. குழந்தை குடிக்கும்போது கையால துணியைப் பிடிச்சு இழுக்கும், கிழிசல் எப்பவும் ஜிப் முடியற இடத்துலதான் ஆரம்பிக்கும்.

ஜூன் 15
நைட்டியில ஜிப் மேலிருந்து கீழே திறக்குதே, அப்படியேவான்னு கேட்டிருக்கீங்க. நான் தலைகீழா வெப்பேன்: மூடியிருக்கும்போது ஸ்லைடர் கீழே, திறக்க மேலே இழுக்கணும். காரணம் உண்டு. சாதாரணமா வெச்சா, திறந்தப்புறம் ஸ்லைடர் கீழே வந்து நிக்கும், குழந்தையோட கன்னமும் தாடையும் அங்கதான் இருக்கு. இரும்பு நுனி பிஞ்சுத் தோல்ல கோடு போட்டுடும். தலைகீழா வெச்சா ஸ்லைடர் மேலே போயிடும். ரெண்டாவது, நடக்க நடக்க ஸ்லைடர் தன் எடைக்கு இறங்கி ஜிப் வாய் திறக்கிற கதை இதுல கிடையாது. ஸ்கூல்ல போர்டுல எழுதக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கறவங்களுக்கு இது சின்ன விஷயமில்ல. மூணாவது, தேவையான அளவு கீழ்ப்பக்கம் மட்டும் திறந்தா போதும், மேல்நெஞ்சு மூடியே இருக்கும்.

தெக்கும்போது மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க: கன்சீல்டு ஜிப்போட திறந்த முனை இப்ப கீழே வருது, அதைத் தையலுக்குள்ள மடிச்சு அடைச்சுடணும். இல்லேன்னா ஸ்லைடர் ஒருநாள் கையோட வந்துடும்.

ஜூன் 17
கீழ்ப்பக்கம் மட்டும் திறந்தா பிரா கொக்கியை எப்படிக் கழட்டுறதுன்னு கரூர்ல இருந்து எழுதினவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. நேத்துப் பூரா அதே யோசனையா இருந்தது. ஃபீடிங் பிராவுல கொக்கி மேலே, தோள்பட்டை நாடா கப்பை வந்து தொடுற இடத்துல இருக்கும். அந்தக் கொக்கியைக் கழட்ட விரல் அங்க போயாகணும். என் தலைகீழ் ஜிப்புல கீழ்ப்பாதி மட்டும் திறந்தா விரல் கொக்கிக்கு எட்டாது. முழுசா மேல வரைக்கும் இழுக்கணும். அப்ப மூணாவது காரணம் அடிபட்டுப் போச்சு.

ஆக, கணக்கை இப்படி வெச்சுக்குங்க. கொக்கி வெச்ச ஃபீடிங் பிரா போடுறவங்களுக்கு, ஜிப்போட மேல்முனை கொக்கிக்கு ஒரு இன்ச் மேலேயாவது இருக்கணும். தங்கச்சியை பிராவோட நிக்க வெச்சுத் தோள்ல இருந்து கொக்கி வரைக்கும் அளங்க, அதுல ஒரு இன்ச் கழிங்க, அங்க ஆரம்பம். முடிவு டாட் பாயின்ட்டுக்கு நாலு இன்ச் கீழே. நடுவுல என்ன நீளம் வருதோ அதுதான் ஜிப் நீளம், ஒன்பதோ பத்தோ வரும். கடையில நைட்டிக்குன்னு குடுக்கிற ஏழு இன்ச் ஜிப்பை வாங்கிட்டு வராதீங்க. ரெடிமேட் ஃபீடிங் டாப் பலதுலயும் இந்தக் கோளாறுதான்: ஜிப் இருக்கும், கொக்கிக்குக் கை எட்டாது, கடைசியில கழுத்து வழியா கையை விட்டுத் துழாவிக்கிட்டு இருப்பாங்க. குழந்தை அதுக்குள்ள ஊரைக் கூட்டிடும்.

மேலே தூக்கிவிடுற டைப், ஸ்போர்ட்ஸ் பிரா மாதிரி போடுறவங்களுக்குக் கீழ்ப்பக்கத் திறப்பே போதும். கன்னத்துல உரசற விஷயமும் ஜிப் இறங்குற விஷயமும் ரெண்டு பேருக்கும் பொது, அதனால தலைகீழ் ஜிப்பை நான் விடப் போறதில்ல.

ஜூன் 17
ஒத்தைக் கையால திறக்க முடியுதான்னு தெச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே பாருங்க. நூலோட்டத்துலயே டாப்பைப் போடச் சொல்லி, இன்னொரு கையில தலகாணியைக் குடுங்க. ஸ்லைடர் கண்ணுல ஒரு சின்ன நாடா கட்டி விட்டா விரலுக்குச் சட்டுனு மாட்டும்.

ஜூன் 20
அளவு எடுக்கிற விஷயத்தைத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன், ஏன்னா அது பெரிய கதை.

கல்யாணத்துக்கு முந்தின பேட்டர்ன்னு சொன்னீங்க. அதுல தோள், கைநீளம், முதுகு அகலம் மூணை மட்டும் நம்பலாம். மார்பு, இடுப்பு, ஆம்ஹோல் எல்லாம் புதுசா எடுக்கணும். மார்பை ஒரு தடவை அளந்தா பத்தாது. குழந்தை குடிக்கிறதுக்கு முன்னாடி பால் நிறைஞ்சிருக்கும்போது ஒரு தடவை, குடிச்சு முடிச்சப்புறம் ஒரு தடவை அளந்து, பெரிய அளவை எடுத்துக்குங்க. அதோட மூணு இன்ச் லூஸ் சேருங்க. சாதாரண டாப்புக்கு ரெண்டு இன்ச் போதும், இதுக்குப் பத்தாது. இறுக்கமான துணியும் பிராவும் பால் கட்டுறதுக்கு ஒரு காரணம்னு நர்சுங்க தலைப்பாடா அடிச்சுக்கிறாங்க. பால் கட்டி, காய்ச்சலோட படுத்தவங்களைக் கேட்டுப் பாருங்க, அப்புறம் "ஃபிட்டிங்கா தெச்சுக் குடு"ன்னு வாயே திறக்க மாட்டாங்க.

ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்காது, அதுல பயப்பட எதுவும் இல்ல. குழந்தை ஒரு பக்கம் விரும்பிக் குடிக்கும், அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிசா இருக்கும். பேட்டர்னைப் பெரிய பக்கத்துக்கு வெட்டுங்க. சின்னப் பக்கத்தைத் தனியா குறைக்கப் போகாதீங்க, அடுத்த மாசம் நிலைமை மாறலாம்.

எப்ப அளக்கிறோம்கிறதும் இருக்கு. பிரசவம் ஆகி முதல் சில வாரத்துல எடுத்த அளவு நிக்கவே நிக்காது. மூணு மாசம் தாண்டினா ஓரளவு நிதானத்துக்கு வந்துடும். உங்க தங்கச்சிக்கு இப்பதான் சரியான நேரம். சைடுல மட்டும் உள்ளே ஒன்றரை இன்ச் விட்டுத் தெச்சிடுங்க, பிரிச்சு விடவும் பிடிச்சுக்கவும் ஆகும்.

ஜூன் 21
"லைனிங் வெச்ச டாப்புக்கு?" லைனிங்கையும் இதே பிரின்சஸ் கோட்டுல வெட்டணும், அதே இடத்துல திறந்து விடணும். மெயின் துணியில ஜிப் தெச்சு முடிச்சப்புறம் லைனிங் விளிம்பை மடிச்சு ஜிப் டேப்போட கையால எம்மிங் பண்ணுங்க. மெனக்கெட முடியலேன்னா லைனிங்கே வேணாம், உள்ளே பனியன் போட்டுக்கட்டும். வெயில் காலத்துல லைனிங்கோட குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிறது தண்டனை.

ஜூன் 26
இங்க புடவை பேச்சு வந்துடுச்சு, வரட்டும். முன்கொக்கி ப்ளவுசும் முந்தானையும் இருக்கிறவங்களுக்கு எந்த ஜிப்பும் தேவையில்ல. கீழ் ரெண்டு கொக்கியைக் கழட்டி, முந்தானையை இழுத்து விட்டா முடிஞ்சது. எங்க அப்பத்தா முன்னால முடிச்சுப் போடுற ரவிக்கைதான் கடைசி வரைக்கும் போட்டாங்க. கொக்கியும் இல்ல, காஜாவும் இல்ல. பிள்ளைங்களுக்கெல்லாம் அதுலயேதான் பால் குடுத்திருக்காங்க. அந்த ரவிக்கையைப் பிரிச்சுப் பார்த்தா டாட் ஒண்ணுகூடக் கிடையாது, துணியைக் கிராஸா, மூலைவாட்டத்துல வெட்டி உடம்புக்கு வளையற மாதிரி வெச்சிருப்பாங்க.

இப்ப இருக்கிற வம்பு பின்கொக்கி ப்ளவுஸ். போட் நெக், உள்ளே பேடு, முதுகுல ஒன்பது கொக்கி. எங்க சொந்தத்துல ஒரு காதுகுத்துல பொண்ணு அப்படி ஒண்ணைப் போட்டுக்கிட்டு வந்து, மண்டபத்து ரூம்ல நாத்தனார் பின்னால நின்னு கொக்கி கழட்ட, மாமியார் கதவைப் பிடிச்சுக்க, பிள்ளை அலறி, மொட்டை அடிக்கிற நேரம் தள்ளிப் போச்சு. தாய்மாமன் வாட்சைப் பார்த்துக்கிட்டே நிக்கிறார்.

அந்த மாதிரி ப்ளவுஸை முன்கொக்கியா மாத்த முடியும். முதுகுக் கொக்கியை எடுத்துட்டு ரெண்டு விளிம்பையும் மேல போட்டுத் தெச்சு மூடிடுங்க. முன்பக்கம் நடுவுல சாக் கோடு போட்டு வெட்டுங்க. ஒரு பக்கம் கொக்கிப் பட்டி, மறுபக்கம் ஒரு இன்ச் வெளியில நீட்டின வளையப் பட்டி, ரெண்டுக்கும் தனித்துணி. வெட்டின விளிம்புல பக்கத்துக்குக் கால் இன்ச் தையலுக்குப் போகும், மொத்தம் அரை இன்ச் சுருங்கும். அதை சைடுல விட்டிருக்கிற துணியில இருந்து எடுத்துக்கலாம். பேடைப் பிரிச்சுத் தூர எறிங்க. மார்புக்குக் கிண்ணம் மாதிரி தனித்துண்டு வெச்ச கட்டோரி கட் ப்ளவுசா இருந்தாலும் இதே வழிதான், கட்டோரி வளைவைத் தொடாதீங்க. முன்பக்கம் பூரா ஆரி வேலை இருந்தா விட்டுடுங்க, கத்தரி பட்டா ஜரிகையும் மணியும் கொட்டிக்கிட்டே போகும். அதுக்குப் பதிலா புதுசா தெச்சுக்கிறதே லாபம்.

ஜூலை 2
"தெச்சு வாங்கின டாப் அலமாரியில பத்து இருக்கு, அதுல என்ன பண்றது?"

பிரின்சஸ் கட் டாப்பா இருந்தா அதிர்ஷ்டம், தையலைப் பிரிச்சு ஜிப் வெக்கலாம். உள்ளே தையலுக்கு விட்ட துணி கம்மியா இருந்தா ஓரத்துல பைப்பிங் துணி ஒட்டுப் போட்டு அகலமாக்கிக்குங்க. யோக் (தோளோட சேர்ந்த மேல்துண்டு) வெச்சு சுருக்குப் பிடிச்ச டாப்பா இருந்தா யோக் தையலுக்குள்ள குறுக்கா வெக்கலாம், சுருக்குல ஜிப் மறைஞ்சிடும். ஆனா குறுக்கு ஜிப்போட நடுவுல எங்க திறந்தாலும் துணி கீழே தொங்கி நெஞ்சு முழுக்கத் தெரியும், துப்பட்டா இல்லாம நடக்காது.

ஒரு தையலும் இல்லாத ஏ-லைன் டாப்பா? சைடு தையல் இருக்குல்ல. ஆம்ஹோலுக்கு ஒரு இன்ச் கீழ ஆரம்பிச்சு எட்டு இன்ச் பிரிச்சு அங்க ஜிப். வெளியில யாருக்கும் தெரியாது. துணியை முன்னால இழுத்துத்தான் குடுக்கணும், அதனால லூசான டாப்புக்கு மட்டும் சரி.

ஜூலை 2, பின்குறிப்பு
சைடு ஜிப் மார்பு பெரிசா இருக்கிறவங்களுக்கு வேலைக்காகாது. எவ்வளவு இழுத்தாலும் எட்டாது, சைடு தையல்தான் பிஞ்சுக்கிட்டு வரும். இதைப் பெரிய எழுத்துல போட்டிருக்கணும்.

ஜூலை 9
பனியன் துணி பத்திக் கேட்டவங்களுக்கு. திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கட் பீஸ் கிலோ கணக்குல கிடைக்கும். லைக்ரா கொஞ்சம் கலந்த காட்டன் எடுங்க, நூறு சத காட்டன் பனியன் துணி இழுத்த இழுப்புல அப்படியே தளர்ந்து நின்னுடும். இதுக்கு ஜிப் வேணாம், ஜிப் வெச்சா துணி சுருங்கி நிக்கும். ரெண்டு அடுக்கா தெக்கணும்.

முன்பக்கப் பேட்டர்ன்ல டாட் பாயின்ட்டுக்கு மூணு இன்ச் கீழே குறுக்கா ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே உள்ளது ஒரு துண்டு. மேலே உள்ளதை ரெண்டு பிரதி எடுங்க. உள் அடுக்குல ஆம்ஹோல் அடியில இருந்து கோடு வரைக்கும் ரெண்டு பக்கமும் உள்வாங்கி வளைச்சு வெட்டி, நடுவுல நாலஞ்சு இன்ச் பட்டை மிஞ்சற மாதிரி விடுங்க. அந்தப் பட்டை கீழ்த்துண்டோட சேரும். வெளி அடுக்கு முழுசா, கோட்டுக்கு ரெண்டு இன்ச் கீழே வரைக்கும் நீளமா வெட்டி, அடியை மடிச்சு அடிச்சுட்டுத் தொங்க விடுங்க. கழுத்து, தோள், ஆம்ஹோல் மூணுலயும் ரெண்டு அடுக்கும் சேர்ந்து போகும். சைடு தையல்ல மட்டும் வெளி அடுக்கோட கடைசி ரெண்டு இன்சைப் பிடிக்காம விட்டுடுங்க, இல்லேன்னா தூக்க வராது.

குனிஞ்சா வெளி அடுக்கு முன்னால தொங்கும். மடிப்புக்குள்ள மெல்லிசா எலாஸ்டிக் விட்டா நிக்கும். வயிறு தெரியாது, மேல்நெஞ்சு தெரியாது, குழந்தை தலை மறைச்சது போக மிச்சத்தைத் துணி மறைச்சிடும். வீட்டுக்கும் ராத்திரிக்கும் இதுக்கு ஈடு எதுவும் இல்லேன்னு நான் சொல்வேன். டீச்சருக்கு? ஸ்கூல்ல டி-ஷர்ட்டு விடுவாங்களா என்ன.

ஜூலை 10
ஒரு பக்கம் இன்னொரு பக்கத்து மேல குறுக்கா விழுற அங்ரக்கா மாடல் நல்லாருக்குமான்னா, ஒருபக்கம் நல்லாருக்கும். மேல விழுற பக்கம் எதுவோ அந்த மார்புக்குச் சுலபம், மறுபக்கத்துக்கு ரெண்டு அடுக்கையும் விலக்கணும். குறுக்கு விளிம்பு கிராஸ்ல வர்றதால இழுத்து இழுத்து வாய் பிளக்கும். விளிம்புல கால் இன்ச் குறைச்சலா ஒரு காட்டன் டேப்பைப் பிடிச்சு தெச்சு விடுங்க, அப்புறம் நிக்கும். பட்டன் வெச்ச ஷர்ட் மாடலும் இப்படித்தான், டாட் பாயின்ட் உயரத்துல ஒரு பட்டன் வந்தே ஆகணும். இல்லேன்னா அந்த இடத்துல இடைவெளி விட்டுக் காட்டும்.

ஆகஸ்ட் 4
உலகத் தாய்ப்பால் வாரம் நடக்குது, ஆகஸ்ட் 1ல இருந்து 7 வரைக்கும். எல்லா இடத்துலயும் பேனர். உலக சுகாதார நிறுவனம் சொல்றது முதல் 6 மாசம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் இணை உணவோட 2 வருஷமோ அதுக்கு மேலயோ. சட்டப்படி சம்பளத்தோட பேறுகால விடுப்பு 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதுக்கு முன்னாடி 12 வாரம்தான். 26 வாரமும் ஆறு மாசமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுக்கலாம். எடுத்தவங்க வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாசம் சொச்சம், பால் தவிர வேற எதுவும் குடுக்காத வயசு. பகல்ல குழந்தை பக்கத்துல இல்ல, பால் மட்டும் நேரத்துக்கு ஊறிக்கிட்டிருக்கும். நாம இவ்வளவு நேரம் தெச்சுக்கிட்டிருந்தது குழந்தைக்காக. ஸ்கூல்ல உங்க தங்கச்சிக்கு வேண்டியது பாலைப் பீய்ச்சி எடுக்கத் தோதான திறப்பு.

அது வேற அளவு. பம்ப்போட புனல் துணிக்குள்ள நேரா உக்காரணும், துணி விளிம்பு புனல்ல படக் கூடாது. நெட்டு ஜிப் பத்து இன்ச்சுக்குக் குறையக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல நைட்டி மாதிரி லூசா இருக்கிறது நல்லது, டாப்போட நெஞ்சுப் பகுதியில இன்னும் ஒரு இன்ச் சேர்த்துக்குங்க. பூட்டு வெச்ச ஒரு ரூம், ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட் ஸ்கூல்ல கிடைக்குமான்னு இப்பவே கேட்டு வெக்கச் சொல்லுங்க.

2015ல தமிழ்நாட்டுல பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறை திறந்தாங்க. நல்ல காரியம். ஒரு ஊர் பஸ் ஸ்டாண்டுல அந்த அறைக்குள்ள போனா வாளியும் துடைப்பமும் உக்காந்திருந்தது. நான் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கிட்டு வெளி பெஞ்சுலயே குடுத்தேன். அறை கட்டினாலும் கட்டாட்டாலும் டாப் சரியா இருக்கணும்கிறதுதான் நான் அன்னைக்கு எடுத்த முடிவு.

ஆகஸ்ட் 6
கறைக்கு: பால் பட்ட இடத்தை முதல்ல பச்சைத் தண்ணில அலசுங்க. சுடுதண்ணி ஊத்தினா கறை ஏறி உக்காந்துக்கும். வெளிர் சாம்பல், வெளிர் நீலம், பிளெய்ன் ரேயான் எல்லாம் நனைஞ்சது அப்படியே தெரியும். சின்னச் சின்னப் பூப்போட்ட அடர் கலர் எடுங்க, எட்டடி தூரத்துல இருந்து யாருக்கும் தெரியாது. பழைய டர்க்கி டவல்ல நாலரை இன்ச் வட்டம் ரெண்டு அடுக்கு, அதுமேல மல் துணி, ஓரத்துல ஜிக்ஜாக். பிராவுக்குள்ள வெக்கிற பேடு ரெடி. ஒரு டவல்ல ஒரு டஜன் தேறும்.

ஆகஸ்ட் 23
ஒரு வயசு தாண்டின பிள்ளைங்களுக்குக் குடுக்கிறவங்க கவனத்துக்கு. நான் ஸ்லைடர்ல நாடா கட்டச் சொன்னேன் இல்லையா, அதை எடுத்துடுங்க. எங்க வீட்டுச் சின்னது டவுன் பஸ்ல, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற நேரத்துல, நாடாவைப் பிடிச்சு ஒரே இழுப்பு. ஜிப் தலைகீழா இருந்ததால மேலே தள்ளத் தெரியாதுன்னு நெனச்சிருந்தேன். அதுங்களுக்கு எல்லாம் தெரியும். அந்த வயசுக்குக் கன்சீல்டு ஜிப்போட குட்டிக் கண்ணே போதும், கூடவே ஒரு பிரஸ் பட்டன் போடுங்க.

செப்டம்பர் 11
கேள்வி கேட்டவங்க முதல் டாப்போட போட்டோ போட்டிருக்காங்க. கோடு நேரா வந்திருக்கு, ஜிப் மறைஞ்சிருக்கு, வலது பக்கம் மட்டும் சுருக்கம். துணி ரேயான். காட்டன் எடுக்கச் சொல்லியிருந்தா இந்தத் தொல்லை இல்ல, ஆனா டீச்சருக்கு ரேயான் தொங்கற அழகு பிடிக்கும், அதுல தப்பில்ல.

வழி: ஜிப்பைப் பிரிங்க. ரெண்டு விளிம்புலயும் உள்பக்கம் முக்கால் இன்ச் அகலத்துக்கு மெல்லிசா ஒட்டுக் கேன்வாஸ் பட்டை, நேர் நூல்ல வெட்டி, இஸ்திரியால ஒட்டுங்க. அப்புறம் ஜிப்போட ரெண்டு விளிம்பையும் ஒரே திசையில தைங்க, கீழிருந்து மேலே. ஒரு விளிம்பை மேலிருந்தும் மறு விளிம்பைக் கீழிருந்தும் தெச்சிருப்பீங்க, மிஷின் கீழ்த்துணியைக் கொஞ்சம் கூடுதலா இழுக்கும், சுருக்கம் அப்படித்தான் வரும். போட்டோவுல கீழ்முனையில ஒரு குண்டூசி மினுக்குது, முதல்ல அதை எடுங்க.

செப்டம்பர் 12
ஆமா, ஒட்டுக் கேன்வாஸ் பனியன் துணிக்கு வேணாம்.

அக்டோபர் 30
"பால் நிறுத்தினப்புறம் இந்த டாப்பையெல்லாம் என்ன பண்றது?" அப்படியே போடுங்க, யாருக்குத் தெரியப் போகுது. நான் தையலுக்குள்ள ஒளிக்கணும்னு பிடிவாதமா நின்னதுக்கு இதுவும் காரணம். உடம்பு குறைஞ்சா சைடுல விட்ட துணியைப் பிடிச்சுடலாம், பிரின்சஸ் கோட்டுலயும் பக்கத்துக்குக் கால் இன்ச் பிடிக்கலாம். ஆனா அதுக்கு ஜிப்பை எடுத்தாகணும். எடுத்த ஜிப்பைத் தூக்கிப் போடாதீங்க, தலகாணி உறைக்கு ஆகும்.

நவம்பர் 2
டாப்பைக் கத்தரிச்சு நைட்டி யோக்குக்கு வெக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வெக்கலாம். நூல் நேரா ஓடுதான்னு மட்டும் பார்த்து வெட்டுங்க.